பாட்டியின் சிவப்பு ஐசி: அவசரகாலப் பதிவும் நம் குடியுரிமையும்

2022 நவம்பர் 19. நாட்டின் 15-ஆவது பொதுத்தேர்தல். நான் முதன்முறையாக வாக்களித்த நாள். உம்பாயில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து அப்பா, அம்மா, அண்ணன், நான் என நால்வரும் காலையிலேயே கிளம்பினோம். வீட்டில் ஐந்து பேர். ஐந்தாவது ஆளான பாட்டி வாசலில் நின்று, "மழ வர்றதுக்குள்ள போயிட்டு வந்துருங்க பாப்பா" என்று வழியனுப்பி வைத்தார்.

மை பூசிய விரலோடு திரும்பி வந்து பாட்டியிடம் காட்டினேன். என் விரலைத் தடவிப் பார்த்துவிட்டு, "எனக்குந்தான் கைநாட்டு வச்சாங்க. சின்னப் புள்ளைல. ஐசிக்கு" என்றார். அந்த ஒரு வாக்கியத்திலிருந்து தொடங்கியதுதான் இந்தக் கட்டுரை.

என் பாட்டி 1943-இல், ஜப்பான்காரன் காலத்தில், ஜாசின் வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றின் லயத்தில் பிறந்தவர். மலாக்கா மாநிலத்தைத் தாண்டி அவர் வாழ்ந்ததே இல்லை. ஆயினும் அவரிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. அதாவது அவர் இந்நாட்டின் நிரந்தரவாசி, குடிமகள் அல்லர்.

நான் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவள். வரலாற்றுப் பாடத்தில் 'டாருராட்' என்னும் அவசரகாலத்தை மலாய்மொழியில் மனனம் செய்து தேர்வு எழுதியிருக்கிறேன். பிரிக்ஸ் திட்டம், புதுக்கிராமம், டெம்ப்ளர் எல்லாம் நான்கு மதிப்பெண் கேள்விகளாகவே எனக்குத் தெரியும். அந்தப் பாடத்திற்கும் பாட்டியின் சுருக்குப்பையில் இருக்கும் சிவப்பு அட்டைக்கும் தொடர்பு உண்டு என்பது பல்கலைக்கழகம் வந்த பிறகுதான் புரிந்தது. அந்தத் தொடர்பை என்னைப் போன்ற மாணவ நண்பர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

போர் என்று பெயரிடப்படாத போர்

1948 ஜூன் 16-ஆம் நாள் பேராக், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த சில நாள்களில் மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியின் ஆயுதப் படைக்கும் பிரிட்டிஷ் ஆட்சிக்கும் இடையில் 1960 ஜூலை 31 வரை, பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்த மோதல் அது. வானூர்தி, பீரங்கி, பல்லாயிரம் வீரர்கள் என அத்தனையும் இருந்தும் அதற்குப் 'போர்' என்று பெயர் வைக்கவில்லை. போர் என்று சொல்லிவிட்டால் ரப்பர்த் தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் ஏற்படும் இழப்பை லண்டன் காப்புறுதி நிறுவனங்கள் ஈடுகட்டா என்பதே காரணம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது.

பெயர் எதுவாயினும், போர்க்காலத்தில் அரசுகள் செய்யும் முதல் வேலைகளுள் ஒன்று ஆள்களை எண்ணி, எழுதி வைப்பது. 1939-இல் இரண்டாம் உலகப்போர் நெருங்கிய வேளையில் பிரிட்டிஷ் இந்தியா வெளிநாட்டார் பதிவுச் சட்டத்தை இயற்றியது. 1940-இல் அமெரிக்கா தன் மண்ணில் வாழ்ந்த குடியுரிமையற்றோர் அனைவரும் அஞ்சலகங்களுக்குச் சென்று விரல்ரேகை பதிய வேண்டும் என்று சட்டம் போட்டது. அங்கெல்லாம் யார் குடிமக்கள், யார் அந்நியர் என்பது ஓரளவு தெளிவாக இருந்தது. அந்நியரை மட்டும் பதிந்தார்கள்.

மலாயாவின் நிலை வேறு. 1948-இல் இங்கே யார் குடிமக்கள் என்பதே தீராத கேள்வி. ஆகவே எல்லாரையும் பதிந்தார்கள்.

பன்னிரண்டு வயது, ஒரு படம், ஒரு கைநாட்டு

அவசரகாலப் பதிவு விதிகளின்படி பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் ஆன ஒவ்வொருவரும் பதிந்துகொண்டு, நிழற்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டையைப் பெற வேண்டும். வெளியே போகும்போது கையில் வைத்திருக்க வேண்டும். காவலர் கேட்டால் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் குற்றம். இன்று நம் பணப்பையில் இருக்கும் மைகாட் அட்டையின் மூதாதை இந்தக் காகித அட்டைதான்.

பதிவுக் குழுக்கள் கம்பங்களுக்கும் பட்டணங்களுக்கும் தோட்டங்களுக்கும் சென்றன. அந்த நாளில் படம் எடுப்பதே பெரிய சங்கதி. பலருக்கு வாழ்க்கையில் எடுத்த முதல் படமே ஐசி படம்தான்.

காட்டிலிருந்தவர்களுக்கு இந்த அட்டை பெருந்தலைவலியாயிற்று. அட்டை இல்லாதவன் ஊருக்குள் வந்தால் உடனே பிடிபடுவான். எனவே அவர்கள் பேருந்துகளை மறித்துப் பயணிகளின் அட்டைகளைப் பறித்தார்கள், கிழித்தார்கள், எரித்தார்கள். பதிவு அதிகாரிகளையும் படமெடுப்பவர்களையும் தாக்கினார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் சாதாரணத் தொழிலாளர்கள். அட்டையைக் காட்டாவிட்டால் ஒரு பக்கம் தண்டனை; வைத்திருந்தால் மறுபக்கம் மிரட்டல்.

1950-இல் பிரிக்ஸ் திட்டம் தொடங்கியதும் அட்டையின் வேலை இன்னும் கூடிற்று. காட்டோரம் வாழ்ந்த ஐந்து லட்சத்திற்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் சீனர்கள், ஏறத்தாழ 480 புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தோட்டங்களிலோ சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடத்தில் குவித்து முள்கம்பி வேலி போட்டார்கள். வாயிலில் சோதனை. காட்டுக்குச் சோறு போய்விடக் கூடாது என்பதற்காக உணவுக்குக் கட்டுப்பாடு.

"வெளிக்காட்டுக்குப் போறப்ப சோறு கட்டிக்கிட்டுப் போவ முடியாது பாப்பா. அம்மா காலைல வெறும் வயித்தோட போயி பால் வெட்டிட்டு, வந்துதான் சாப்புடும். கேட்டுல பொம்பள போலிசு மடியத் தடவிப் பாக்கும்" என்று பாட்டி சொல்கிறார். இதை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்தவரல்லர்.

இதில் மலாக்காவுக்கு ஒரு சிறப்பு உண்டு. 1953 செப்டம்பர் 3-ஆம் நாள் நாட்டிலேயே முதல் 'வெள்ளைப் பகுதி' மலாக்காவில்தான் அறிவிக்கப்பட்டது. வெள்ளைப் பகுதி என்றால் கம்யூனிஸ்டு நடமாட்டம் ஓய்ந்த இடம் என்று பொருள். அங்கே ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் நீக்கப்பட்டன. கெடுபிடி தளர்ந்தது, அட்டை மட்டும் நிலைத்துவிட்டது.

குடிமகன் யார்? அந்நியன் யார்?

1947 மக்கள் கணக்கெடுப்பின்போது மலாயாவில் (சிங்கப்பூர் நீங்கலாக) ஐந்து லட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் இருந்தனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் இம்மண்ணிலேயே பிறந்தவர்கள். 1948 பிப்ரவரி 1-இல் நடப்புக்கு வந்த மலாயாக் கூட்டரசு ஒப்பந்தம் 'கூட்டரசுக் குடியுரிமை' என்ற ஒன்றை உருவாக்கியது. மலாய் ஆட்சியாளர்களின் குடிகளுக்கு அது இயல்பாகக் கிடைத்தது. மற்றவர்களுக்கு நிபந்தனைகள் இருந்தன.

இங்குதான் மலாக்காவில் பிறந்தவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. மலாக்காவும் பினாங்கும் நீரிணைக் குடியேற்றப் பகுதிகளாக இருந்தவை. பிரிட்டனின் நேரடி ஆட்சியில் இருந்தவை. அங்கே பிறந்தவர் பிறப்பாலேயே பிரிட்டிஷ் பிரஜை. அவர் தொடர்ந்து பதினைந்து ஆண்டுகள் கூட்டரசில் வாழ்ந்திருந்தால் சட்டப்படி கூட்டரசுக் குடிமகன். ஆனால் ஜொகூரிலோ நெகிரி செம்பிலானிலோ பிறந்த பிரிட்டிஷ் பிரஜைக்கு அது போதாது. அவருடைய தந்தையும் கூட்டரசில் பிறந்திருக்க வேண்டும், அல்லது பதினைந்து ஆண்டுகள் இங்கு வாழ்ந்திருக்க வேண்டும். கெசாங் ஆற்றின் இக்கரையில் பிறப்பதா அக்கரையில் பிறப்பதா என்பது ஒரு தமிழ்க் குழந்தையின் தலையெழுத்தையே மாற்றக் கூடியதாயிருந்தது. 1952-இல் விதிகள் திருத்தப்பட்டு வாசல் இன்னும் சற்று அகலமாயிற்று.

குடிமகனாக இல்லாவிட்டால் என்ன என்று அன்றைய தோட்டத் தொழிலாளி கேட்டிருக்கலாம். வேலை இருந்தது, லயம் இருந்தது. ஆனால் அவசரகால விதிகளுள் 17சி என்ற ஒன்று இருந்தது. விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டவரை நாடு கடத்த அது வழி செய்தது. கூட்டரசுக் குடிமக்களையும் இங்குப் பிறந்த பிரிட்டிஷ் பிரஜைகளையும் மட்டும் அது தொடாது. அப்படி ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றப்பட்டனர். பெரும்பான்மையோர் சீனர்; இந்தியரும் இருந்தனர். ஆக, அட்டையில் எழுதப்பட்ட பிறப்பிடம் வெறும் தகவலன்று. ஒருவரை இந்த மண்ணில் வைத்திருப்பதா இல்லையா என்பதற்கான விடை.

தோட்டங்களில் அச்சம் பரவியதற்கு வேறொரு காரணமும் உண்டு. தஞ்சை மாவட்டத்தில் பிறந்து மலாயாவுக்கு வந்த எஸ். ஏ. கணபதி, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்தவர். துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றத்திற்காக 1949 மே 4-இல் புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். நேரு அரசின் முறையீடும் பலிக்கவில்லை. அதற்கு முந்தைய நாள்தான் இன்னொரு தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். "பேர எழுதுறாங்கன்னா அப்பாவுக்குப் பயம். எதுக்கு எழுதுறானோன்னுவாரு" என்று பாட்டி சொல்வதை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

தாளில் எழுதிய ஒரு சொல்

பாட்டிக்குப் பன்னிரண்டு வயது நிறைந்தது 1955-இல். தோட்ட அலுவலகத்தில் வரிசையாக நின்றார்களாம். படிவத்தைக் கிராணி நிரப்பினாராம். பெயர், அப்பா பெயர், வயது. "எங்க பொறந்தன்னு என்னையக் கேக்கல பாப்பா. எங்க அப்பாவக் கேட்டாரு, ஊரு எதுன்னு. அப்பா சேலம் ஜில்லான்னாரு" என்றார் பாட்டி.

அப்பாவைப் பொறுத்தவரை 'ஊர்' என்றால் ஒன்றுதான். கேட்டவர் பிறப்பிடத்தைக் கேட்டார். சொன்னவர் சொந்த ஊரைச் சொன்னார். பாட்டியின் பிறப்பிடம் 'இந்தியா' என்று பதிவாயிற்று. ஜப்பானியர் காலத்தில் லயத்தில் மருத்துவச்சி பார்த்த பிரசவத்திற்குப் பிறப்புச் சான்றிதழ் எடுக்கப்படவில்லை. ஆகவே அதை மறுக்கவும் தாள் இல்லை.

இதில் யாரைக் குறை சொல்வது? கிராணி ஒரே நாளில் பல குடும்பங்களுக்கு எழுதியிருப்பார். கொள்ளுத்தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எழுதிய சொல்லை வாசித்துக் காட்ட யாருக்கும் தோன்றவில்லை.

நழுவிய வாய்ப்புகள்

1957 ஆகஸ்டு 31-இல் நாடு விடுதலை பெற்றபோது கதவு நன்றாகவே திறந்தது. அன்று முதல் இங்குப் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்களானார்கள். (1962-இல் இவ்விதி இறுக்கப்பட்டது.) அதற்கு முன் பிறந்தவர்கள் பதிவின் மூலம் குடியுரிமை பெறலாம். இம்மண்ணில் பிறந்தவர்கள் முதல் ஓராண்டிற்குள் விண்ணப்பித்தால் மலாய்மொழி அறிவுகூடக் கேட்கப்படவில்லை. குடியுரிமை எடுங்கள் என்று ம.இ.கா. தலைவர் வீ. தி. சம்பந்தன் போன்றோர் தோட்ட மக்களை வற்புறுத்தினார்கள். சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி இதற்காக ஓர் இயக்கமே நடத்தினார்.

பலர் பதிந்தார்கள். பலர் பதியவில்லை. ஏன்? சிலருக்கு ஊர் திரும்பும் எண்ணம். இந்திய அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவு வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளியினர் இந்தியத் தூதரகங்களில் பதிந்து இந்தியக் குடிமக்களாக இடமளித்ததால், சிலர் அந்த வழியில் சென்றார்கள். சிலருக்கு ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் பட்டணம் போக மனமில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. கையில் ஏற்கெனவே ஓர் அரசாங்க அட்டை இருந்தது. அதில் படம் இருந்தது, எண் இருந்தது, முத்திரை இருந்தது. அதுவே குடியுரிமை என்று நம்பிவிட்டார்கள். பாட்டியைத் திருமணம் செய்த தாத்தா நீல ஐசிக்காரர். மனைவிக்கு விண்ணப்பிக்கலாமே என்று யாரோ சொன்னபோது, "அதான் ஐசி இருக்கே" என்றாராம்.

நாடு கடத்தவும் சோறு மறிக்கவும் உருவான பதிவு ஒன்று, காலப்போக்கில் பாதுகாப்பு போலத் தோற்றமளித்தது. அட்டை ஒருவர் யார் என்பதை உறுதி செய்யும். அவர் இந்நாட்டவர் என்பதைத் தானாக உறுதி செய்யாது. இந்த வேறுபாட்டைத் தோட்டத்தில் யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

விடை 1969-இல் வந்தது. மே 13 கலவரத்திற்குப் பின், குடிமக்கள் அல்லாதோர் வேலை செய்ய உரிமம் பெற வேண்டும் என்ற 1968-ஆம் ஆண்டுச் சட்டம் கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டது. அதனால் சுமார் 60,000 இந்தியத் தொழிலாளர்கள் நாட்டைவிட்டு வெளியேறினர் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். அவர்களுள் ஒருவர் என் கொள்ளுத்தாத்தா. 1970-இல் கப்பலேறினார். பாட்டி அப்போது கையில் ஒரு பிள்ளையும் வயிற்றில் என் அப்பாவுமாக இருந்தார். அதன்பின் தந்தையும் மகளும் பார்த்துக்கொள்ளவில்லை. அவருடைய பழைய காகித ஐசி மட்டும் எங்கள் வீட்டில் ஒரு மைலோ டின்னுக்குள் இருக்கிறது.

இன்று என்ன செய்யலாம்?

இது பழங்கதை என்று எண்ண வேண்டாம். 2011-இல் ஆவணமற்ற இந்தியர்களைப் பதிவதற்கென்றே 'மைடஃப்தார்' இயக்கம் நடத்தப்பட்டது. 2018-இல் சிவப்பு ஐசி வைத்திருந்த, அறுபது வயதைக் கடந்த 3,407 இந்தியர்களின் குடியுரிமை பற்றி அரசாங்கமே அறிவிப்புச் செய்தது.

நம் அரசியலமைப்பில் முதியவர்களுக்குப் பொருந்தும் வழிகளுள் இரண்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 16-ஆவது பிரிவு சுதந்திரத்திற்கு முன் இங்குப் பிறந்தவர்களுக்கானது. ஆரம்ப நிலை மலாய் அறிவும், விண்ணப்பத்திற்கு முந்தைய ஏழாண்டில் மொத்தம் ஐந்தாண்டு வாழ்ந்திருப்பதும், நன்னடத்தையும், இங்கேயே தங்கும் எண்ணமும் போதுமானவை. 19-ஆவது பிரிவு வெளியிலிருந்து வந்தவர்களுக்கும் உரியது. அதில் பன்னிரண்டாண்டில் பத்தாண்டு வசிப்பும் போதிய மலாய் அறிவும் தேவை. பாட்டி 'இந்தியாவில் பிறந்தவர்' என்று தாளில் இருக்கும்வரை முதல் வழி அவருக்குத் திறக்காது. எண்பது வயதைக் கடந்தவர் இரண்டாவது வழியில் நேர்காணலுக்குச் சென்று பதில் சொல்ல வேண்டும். பாட்டி மலாய் பேசுவார். உம்பாய் மீன்கடையில் மலாய்க்கார மக்சிக்கிடம் விலை பேசி அவரை வெல்ல எங்கள் வீட்டில் ஆளில்லை. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் சட்டை போட்ட அதிகாரி உட்கார்ந்துவிட்டால் அவருக்கு வாயடைத்துப் போகிறது.

எனவே கடந்த ஓராண்டாக நானும் அப்பாவும் அவர் இங்குப் பிறந்தார் என்பதற்கான தடயங்களைச் சேர்த்து வருகிறோம். பாட்டி இரண்டாண்டு படித்த தோட்டப் பள்ளியின் பழைய பதிவேடு கிடைக்குமா என்று விசாரித்தோம். பள்ளியே இடம் மாறிவிட்டது. அதே லயத்தில் வளர்ந்த, பாட்டியைவிட ஏழு வயது மூத்த ஒரு பெரியம்மா இன்னும் மெர்லிமாவில் இருக்கிறார். "இவ பொறந்தப்ப நான்தான் சுடுதண்ணி தூக்கிட்டுப் போனேன்" என்று அவர் சொன்னதைச் சத்தியப் பிரமாணமாக எழுதி ஒப்பம் வாங்கியிருக்கிறோம். அந்தத் தாளையும் கொள்ளுத்தாத்தாவின் காகித ஐசியின் நகலையும் சேர்த்து மனு கொடுத்தாயிற்று. பதில் வரவில்லை. காத்திருக்கிறோம்.

வாசக நண்பர்களே, விடுமுறைக்கு வீட்டிற்குப் போகும்போது மூன்று காரியங்கள் செய்யுங்கள். தாத்தா பாட்டியின் ஐசியை வாங்கி நிறத்தைப் பாருங்கள். பிறப்பிடம் என்னவென்று பதிவாகியிருக்கிறது என்று விசாரியுங்கள். பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பள்ளிப் பதிவு, பழைய சம்பளச் சீட்டு எதுவாயினும் நகலெடுத்து வையுங்கள். கறையான் நமக்காகக் காத்திராது. அவர்கள் பிறந்ததை நேரில் அறிந்த மூத்தவர்கள் உயிரோடு இருந்தால், அவர்கள் சொல்லை இப்போதே முறையாக எழுதி வாங்கிவிடுங்கள். எங்களுக்குக் கிடைத்த அந்தப் பெரியம்மாவுக்கு இப்போது தொண்ணூறை ஒட்டிய வயது.

பாட்டியிடம் ஒருநாள் கேட்டேன், நீல ஐசி கிடைத்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று. வாக்களிப்பேன் என்பார் என எதிர்பார்த்தேன்.

"அதுல எங்க பொறந்தேன்னு சரியா எழுதியிருக்கான்னு ஒன்னைய வாசிக்கச் சொல்லுவேன்" என்றார்.